வீடு மாறி வந்த தாடி ஓணான்

சிலிம் ரிவர் போன்ற சிற்றூர்களில் வளர்ந்த தாடி ஓணான் ஒன்று ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குக் கைமாறுகிறதென்றால், அதற்குப் பெரும்பாலும் அந்தப் பிராணியிடத்திலுள்ள குறை எதுவும் காரணமாயிருப்பதில்லை. தஞ்சோங் மாலிமில் படிப்பை முடித்த பிள்ளை சபாவுக்கோ சரவாக்குக்கோ ஆசிரியராகப் போகிறான். மற்றொருவன் ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் உத்தியோகம் ஏற்கிறான், அந்நாட்டுச் சட்டமோ இத்தகைய ஓணான்களை வீட்டில் வைத்துக்கொள்ள இடங்கொடுப்பதில்லை. இன்னொரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, பாட்டி அச்சப்படுகிறாள். இவ்வாறு, நன்றாகப் பேணினால் பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஜீவித்திருக்கக்கூடிய பிராணி, தன் ஆயுளின் நடுவில் அந்நியர் கையில் வந்து சேருகிறது. குட்டியாக இருந்தால் நாம் பழக்குகிறபடி பழகிவிடும். நான்கைந்து வயதான பிராணி தன் பழக்கங்களை உடன் கொண்டு வருகிறது. அந்தப் பழக்கங்களை முதலில் அப்படியே வரவேற்று, பிறகு மெல்ல மெல்லத் திருத்துவதே இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போகும் முறை.

கடைகளில் பியர்டட் டிராகன் என்று விற்கப்படும் இப்பிராணி, நம் வேலிகளில் தலையசைத்துக்கொண்டு நிற்கும் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்ததே. பொகோனா விட்டிசெப்ஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். 1926-ல் எர்ன்ஸ்ட் ஆல் என்ற ஜெர்மானிய அறிஞர் அதனை விவரித்துப் பெயரிட்டார். அதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியிலுள்ள வறண்ட பிரதேசங்கள். அந்த நாடு தன் வனப்பிராணிகளை வியாபாரத்துக்காக உயிரோடு வெளியே அனுப்புவதில்லையாகையால், இன்று மலேசியாவில் கைமாறுகின்றவை எல்லாம் பல தலைமுறைகளாகப் பெட்டிகளிலேயே பிறந்து வளர்ந்தவற்றின் சந்ததிகள். ஆயினும் அவற்றின் தோலும் நுரையீரலும் இன்னும் அந்த வறண்ட பூமிக்கு உரியவையே. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம் தீபகற்பத்தின் சராசரியோ ஏறக்குறைய 2500 மில்லிமீட்டர். முற்பகலெல்லாம் வெயில் காய்ந்து, பிற்பகலில் இடி இடித்துப் பெய்து, இரவெல்லாம் செம்பனைத் தோட்டங்களிலிருந்து ஈரக்காற்று வீசும் சிலிம் ரிவரில் இதை வளர்க்க நினைப்பவர், எந்நேரமும் சிந்திக்க வேண்டிய சத்துரு குளிரன்று, ஈரமே.

பிராணியை வாங்கிக்கொள்ளுமுன் பழைய உடைமைக்காரரிடம் பொறுமையாக உட்கார்ந்து விசாரிக்க வேண்டியவை பல. வயதென்ன, ஆணா பெண்ணா, எந்த வேளையில் விளக்கு ஏற்றி எந்த வேளையில் அணைப்பார், என்ன தின்கிறது, எதைத் தொடுவதில்லை, கடைசியாக எப்போது மலங்கழித்தது, புற ஊதாக் கதிர் விளக்கை எந்த மாதத்தில் மாற்றினார், வேறு ஓணானோடு ஒரே பெட்டியில் இருந்ததா, முட்டை இட்டதுண்டா என்பனவற்றைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பதில்களில் தவறான பராமரிப்பு தெரியவந்தாலும் அங்கே விவாதிப்பதில் பயனில்லை, குறித்துக்கொண்டால் போதும். அது ஏறிப் படுத்த கட்டை, பதுங்கிய மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம் ஆகியவற்றைக் கழுவாமலே கேட்டு வாங்கிக்கொள்வது உத்தமம். அறியாத இடத்தில் அறிந்த வாசனை அதற்குப் பெருந்துணை. கூடவே, 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை நிர்வகிக்கும் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில், இந்த இனத்தை வைத்திருக்க அனுமதிப் பத்திரம் வேண்டுமா என்று விசாரித்து, வாங்கிய ரசீது முதலிய காகிதங்களையும் கையோடு பெற்றுக்கொள்ளுங்கள். காகிதமில்லாத பிராணியை இரக்கத்தினால் ஏற்றுக்கொண்டு பின்னர் சங்கடப்படுவோர் உண்டு.

பிரயாணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை உணவு கொடாமல், காற்றுத் துளைகளிட்ட பெட்டியில் துணி விரித்து, இருட்டாக மூடி, நேரே வீடு கொண்டுவந்து சேர்ப்பதே முறை. ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திச் சாப்பிடப் போனால், ஒருவர் பிராணியோடு இருக்க வேண்டும். வெயிலில் பூட்டிக் கிடக்கும் கார், பாலைவனத்துப் பிராணியையும் சொற்ப நேரத்தில் கொன்றுவிடும்.

பெட்டியை முன்தினமே ஆயத்தம் செய்து, விளக்குகளை ஒரு பகல் முழுதும் எரியவிட்டு, அளவுகளைப் பார்த்துவிட வேண்டும். வாலோடு சேர்த்து ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை நீளமுள்ள பிராணிக்கு நான்கடி நீளமும், இரண்டடி அகலமும், இரண்டடி உயரமும் உள்ள பெட்டியே குறைந்தபட்சம். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட புத்தகங்களைப் படித்துவிட்டு, நான்கு பக்கமும் அடைத்த கண்ணாடித் தொட்டியை இங்கே வாங்கி வைப்பது பொருந்தாது. அங்கே உஷ்ணத்தைச் சிறைப்படுத்த வேண்டும். இங்கே பகலில் அறையே 31, 32 டிகிரிக்கு ஏறிவிடுவதால், அடைத்த தொட்டியில் பிராணி ஒதுங்குவதற்குக் குளிர்ந்த மூலையென்பதே இல்லாமற்போகும். மேற்புறம் கம்பிவலையும், பக்கங்களில் தாராளமான காற்றுவழிகளும் உள்ள பலகைப் பெட்டியே நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றது. வலையின் கண்கள் மிகச் சிறியனவாக இருக்க வேண்டும். சுவர்ப் பல்லி உள்ளே நுழைந்தால் ஓணான் அதைத் தின்றுவிடும், தின்றால் பல்லியின் குடற்புழுக்கள் இதன் வயிற்றுக்குக் குடிபெயரும்.

ஒரு கோடியில் வெயில் காய்வதற்கு வெண்ணிற உஷ்ண விளக்கு ஒன்று. அதன் கீழுள்ள கல் அல்லது கட்டையின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி வரை இருக்க வேண்டும். மறுகோடி 28 டிகிரியை ஒட்டியிருந்தால் சிறப்பு. பகல் உச்சியில் அறையே சூடேறி அதுவும் 30-ஐத் தாண்டினால், அறையில் மின்விசிறியைச் சுழலவிட்டுக் காற்றை நகரச் செய்யலாம். எத்தனை வாட் விளக்கு என்று என்னைக் கேட்பதைவிட, தெர்மோஸ்டாட்டையும், மேற்பரப்பின் உஷ்ணத்தைத் தொடாமலே காட்டும் வெப்பமானியையும் வாங்கி, அவற்றைக் கேட்பதே நலம். கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடுவது ஒருபோதும் போதாது. சூடேறும் மின்கற்களைப் பெட்டியில் வைக்கவே கூடாது. வயிறு வெந்து புண்ணாகும் வரை அவற்றின்மேல் படுத்துக் கிடக்கும் பிராணிகள் உண்டு. நம் ஊர் இரவு 23, 24 டிகிரிக்கு இறங்குவது அதற்கு இதமானதே. ஆகையால் இரவில் எந்த விளக்கும் வேண்டாம்.

உஷ்ண விளக்குக்கு மற்றொரு பிரயோஜனமும் உண்டு, இவ்வூரில் அதுவே முக்கியமானதென்றும் சொல்லலாம். விடியற்காலையில் காற்று 24 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதத்துடன் இருக்கிறதென்று கொள்வோம். அதே காற்றைப் புதிதாக நீர் சேராமல் 32 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு அருகிலும், 40 டிகிரிக்குச் சூடாக்கினால் 40 சதவீதத்துக்குச் சற்றுக் கீழும் வந்துவிடுகிறது. நீராவி எங்கும் போய்விடவில்லை, சூடான காற்றின் கொள்திறன் பெருகிவிட்டது, அவ்வளவே. ஆகவே பன்னிரண்டு மணி நேரம் விளக்கெரியும் பெட்டியில் பகலெல்லாம் பிராணி தன் தாயகத்தை ஒத்த வறட்சியைச் சுவாசிக்கிறது. அந்த நன்மையை நாமே கெடுத்துக்கொள்ளாமலிருக்க வேண்டும்: உள்ளே நீர் தெளிக்கக் கூடாது, தேங்காய் நார்த் தூளோ மண்ணோ பரப்பி ஈரத்தைச் சேமித்து வைக்கக் கூடாது, தண்ணீர்க் கிண்ணம் சிறியதாக, குளிர்ந்த கோடியில் இருக்க வேண்டும். தரைக்குச் சொரசொரப்பான ஓடு பதித்துவிடலாம். முதல் மாதத்தில் அதன்மேல் வெறும் காகிதத்தை விரித்தால் மலத்தைத் தெளிவாகப் பார்த்துப் பரிசீலிக்க முடியும். நவம்பர் மாத அடைமழையில், ஈரப்பதமானி பகலிலும் 65-க்கு மேலேயே நின்றால், அறையில் ஈரமுறிஞ்சும் இயந்திரம் வைக்கலாம். குளிர்சாதனமும் அந்த வேலையைச் செய்யும், ஆனால் அதன் காற்று நேரே பெட்டியின்மேல் வீசலாகாது, அறையும் 22 டிகிரிக்குக் கீழே போகலாகாது.

புற ஊதாக் கதிர் விளக்கின் அவசியத்தைச் சந்தேகிப்பவர் இன்னும் இருக்கிறார்கள். ஜன்னலருகே வைத்தால் வெயில் படுகிறதே என்பார்கள். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி3-ஐத் தோலில் உண்டாக்கும் கதிரைத் தடுத்துவிடும். அந்தக் கதிர் கிடையாத பிராணிக்கு எவ்வளவு சுண்ணாம்புச் சத்து ஊட்டினாலும் தாடை மெத்தென்றாகி, கால்கள் நடுங்கி, முதுகெலும்பு வளைந்துபோகும். பெட்டியின் நீளத்தில் பாதிக்கு மேல் வரும் டி5 குழல் விளக்கு, 10 அல்லது 12 சதவீத வகை, வெயில் காயும் கோடியை ஒட்டி அமைய வேண்டும். தூரத்தை உற்பத்தியாளர் அச்சிட்ட அளவுப்படியே வைக்க வேண்டும். விளக்குக்கும் பிராணிக்கும் இடையே கம்பிவலை இருந்தால் கதிரில் கணிசமான பகுதி வீணாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் வற்றிவிடுமாகையால் ஆண்டுக்கொரு முறை மாற்றுவது கட்டாயம். பழைய வீட்டிலிருந்து வந்த விளக்கை நம்ப வேண்டாம். பழக்கங்களை உடனே மாற்றாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இந்த ஒன்று விலக்கு.

இனி முதல் இரண்டு வாரங்கள். புது மருமகள் வந்த வீட்டில் ஊராரெல்லாம் வந்து பார்ப்பதுபோல் இதையும் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். பெட்டியின் மூன்று பக்கங்களைத் துணியாலோ காகிதத்தாலோ மறைத்து, ஆள் நடமாட்டம் அதிகமில்லாத மூலையில் வைத்து, காலையில் விளக்கெரிவதும் கீரை வைப்பதும் அழுக்கை எடுப்பதும் தவிர, வேறொன்றும் செய்யாமலிருப்பதே அப்போது நாம் செய்யக்கூடிய மேலான உபகாரம். பிராணி தாடியைக் கறுப்பாக்கும். வயிற்றில் கருந்திட்டுகள் தோன்றும். பெட்டியைப் பிறாண்டும், அல்லது மறைவிடத்தை விட்டு வெளியே வராது. ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் வரையிலும், உணவைத் தொடாது. இவை பெரும்பாலும் இடமாற்றத்தின் கிலேசங்களே. எதைக் கொண்டு பயப்படுவது, எதைக் கொண்டு பொறுப்பது என்றறியத் தராசு ஒன்றே நம்பத்தக்க சாட்சி. வந்த அன்று ஒருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும், சமையலறைத் தராசு அல்லாத தனித்தராசில் நிறுத்து எழுதுங்கள். எடை நிலையாக இருக்கும்வரை பட்டினி அபாயமன்று. வந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் காத்திருக்கக் கூடாது.

உறங்கிக்கொண்டே இருக்கிறதே, குளிர்கால உறக்கமாக இருக்கலாம் என்று ஒருவர் சொல்வார். முதிர்ந்த தாடி ஓணான்களுக்கு அவ்வாறு சில வாரங்கள் மந்தமாகும் சுபாவம் உண்டென்பது மெய். ஆனால் புதிதாக வந்த பிராணியின் விஷயத்தில் அந்த விளக்கத்தை ஒருபோதும் முதலில் ஏற்கலாகாது. மலப் பரீட்சை செய்து, மருத்துவர் பார்த்து, நோயில்லையென்று கண்ட பிறகே அதை உறக்கமென்று நம்பலாம்.

ஆகார விஷயத்தில் வளர்ந்த பிராணிக்கும் குட்டிக்கும் விகிதம் தலைகீழாகிறது. குட்டிக்குப் பூச்சியே பிரதானம். வளர்ந்ததற்கு ஐந்தில் நான்கு பங்கு கீரையும் காயுமாக இருந்து, பூச்சி வாரத்தில் இரண்டு மூன்று நாள் சிறிதளவு இருந்தால் போதும். சந்தைகளில் கிடைக்கும் சாவி என்ற கடுகுக்கீரை, பக்சோய், கொத்தமல்லி, வெண்டைக்காய், துருவிய பரங்கிக்காய் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். முருங்கைக்கீரையை மற்றவற்றோடு அளவாகக் கலக்கலாம். வேலியோரத்துச் செம்பருத்திப் பூவும் இளந்தளிரும், மருந்தடிக்காதவையாக இருந்தால், இதற்கு மிகவும் பிரியமானவை. இந்நாட்டின் தேசிய மலர் எல்லா வீட்டு முற்றத்திலும் பூத்துக் கிடக்கையில் விலையுயர்ந்த தீனியைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாயாம் என்னும் தண்டுக்கீரை வகைகளையும் பசலையையும் தினந்தோறும் வைக்கக் கூடாது. அவற்றிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. பப்பாளி எப்போதாவது ஒரு துண்டு போதும். அவகாடோ பழம் நஞ்சு.

பாடும் பறவைகளை வளர்ப்பவர்களுக்காகத் தீனிக் கடைகளில் விற்கும் வெட்டுக்கிளி இனத்துச் சில்வண்டுகளே, மலாயில் செங்கெரிக் எனப்படுபவை, நமக்கும் ஏற்ற பூச்சி. வாங்கி வந்த அன்றே கொடாமல் ஒரு நாள் கீரையும் காரட்டும் தின்னவிட்டு, பிறகு சுண்ணாம்புத் தூளில் புரட்டிக் கொடுக்க வேண்டும். வைட்டமின் தூள் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தின்னாமல் விட்டவற்றை மாலைக்குள் பிடித்து அப்புறப்படுத்துங்கள். இரவில் அவை உறங்கும் ஓணானைக் கடிக்கும். தோட்டத்தில் பிடித்த பூச்சிகள் வேண்டாம். செம்பனை வரிசைகளில் தெளிக்கும் மருந்து எந்தப் பூச்சியின் உடலில் இருக்கிறதென்று யாரால் சொல்ல முடியும்? மின்மினியை மட்டும் ஒருபோதும், ஒன்றுகூட, தின்ன விடாதீர்கள். அமெரிக்க மின்மினிகளைத் தின்ற தாடி ஓணான்கள் மாண்டதை ஆராய்ச்சியாளர் பதிவு செய்திருக்கிறார்கள். நம் நாட்டு மின்மினியைப் பரீட்சித்துப் பார்க்க அவசியமில்லை.

கைமாறி வரும் பிராணிகளில் பல, கொழுத்த சூப்பர்வோர்ம் புழுக்களை மட்டுமே தின்று, தலைமேல் கொழுப்பு மேடிட்டு, கீரையை ஏறிட்டும் பாராதவையாக இருக்கும். புழுவை ஒரே நாளில் நிறுத்துவது கொடுமை. முதல் இரண்டு வாரம் அதே புழுவைக் கொடுத்து, அதன்பின் நறுக்கிய கீரையின்மேல் ஒன்றிரண்டைப் போட்டு, அதைக் கவ்வும்போது கீரையும் வாய்க்குள் போகும்படி செய்து, வாரத்துக்கு வாரம் புழுவைக் குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலானவை வழிக்கு வந்துவிடும். உணவை எப்போதும் முற்பகலில், விளக்கெரிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பின் வைக்க வேண்டும். உஷ்ணமில்லாமல் இதற்கு ஜீரணமில்லை. பிற்பகல் இடிமழையில் மின்சாரம் நின்றுபோகும் ஊரில், மூன்று மணிக்குத் தின்ற பூச்சி குளிர்ந்த வயிற்றில் அழுகக் கிடக்கும். மின்சாரம் நின்றால் பிராணியைப் பற்றிப் பதற வேண்டாம், அறையின் உஷ்ணமே அதைத் தாங்கும். மீண்டும் விளக்கெரியும் வரை தீனி மட்டும் கொடாதிருங்கள்.

நம் வீடுகளுக்கே உரிய சில அபாயங்கள் உண்டு. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, பூச்சிகொல்லித் தெளிப்பு இவை எட்டாத அறையில் பெட்டி இருக்க வேண்டும். டெங்கிக் காய்ச்சலுக்காகத் தாமான்களில் சுகாதார இலாகாவினர் புகையடிக்க வரும் நாளில், ஜன்னல்களை அடைத்து, பெட்டியை உள்ளறைக்கு நகர்த்தி, கதவிடுக்கில் துணி திணித்து, புகை முற்றிலும் தணிந்த பிறகே திறக்க வேண்டும்; அந்த மருந்து கொசுவுக்கு மட்டும் நஞ்சன்று, ஊர்வனவற்றுக்கும் நஞ்சு. மறுபுறம், வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயே என்று பெரியவர்கள் கடிந்துகொண்டால், அவர்கள் அச்சத்தில் ஒரு நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான தாடி ஓணானின் மலத்திலும் சால்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும், அதன் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமலிருப்பதும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளாத முதியோரையும் அதனிடம் அண்டவிடாதிருப்பதும் வீட்டின் சட்டமாகவே இருக்கட்டும்.

எல்லாக் கால்நடை மருத்துவரும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. ஆகையால் நோய் வருமுன்பே தொலைபேசியில் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை, தூரமானாலும், நம்பிப் போகத்தக்க இடம். முதல் மாதத்திலேயே புதிய மலத்தைக் கொண்டுசென்று காக்சிடியாவுக்கும் ஊசிப்புழுவுக்கும் பரீட்சை செய்துகொள்ளுங்கள். விளக்கடியில் வாய் திறந்து கிடப்பது உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ளும் இயல்பு. குளிர்ந்த மூலையிலும் வாய் திறந்து மூச்சு வாங்கினால், மூக்கில் நுரை கண்டால், அது நுரையீரல் நோய். தோலில் மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ பொருக்குத் தோன்றிப் பரவினால் நானிசியாப்சிஸ் என்னும் பூஞ்சையாக இருக்கலாம். களிம்பு தடவிப் பார்த்துக் காலங்கடத்தினால் உயிருக்கே மோசம். ஏற்கெனவே வேறு தாடி ஓணான் வீட்டில் இருந்தால், புதியதை வேறு அறையில், வேறு பாத்திரங்களோடு, சில மாதங்களாவது வைக்க வேண்டும். அடினோ வைரஸ் வெளிக்குத் தெரியாமலே தொற்றும். அதற்குப் பிறகும் இரண்டையும் ஒரே பெட்டியில் குடியேற்ற நினைக்கவே வேண்டாம். தனிமையே இவற்றின் சுபாவம்.

தானாக உண்டு, தாடி வெளுத்து, நம்மைக் கண்டு ஓடாமல் நிற்கும்போது, பெட்டிக்குள் கையை வெறுமனே வைத்திருந்து பழக்கலாம். மேலிருந்து பாய்ந்து பிடிப்பது பருந்தை நினைவூட்டும். பக்கவாட்டில் கை நீட்டி, மார்புக்கும் வயிற்றுக்கும் அடியில் தாங்கி எடுக்க வேண்டும். இந்நாட்டு வெயில் இலவசமான மருந்து. காலை எட்டு ஒன்பது மணிக்கு, பாதி நிழலுள்ள கம்பிக் கூண்டில், பக்கத்திலேயே நாம் உட்கார்ந்திருக்க, இருபது நிமிஷம் வைத்தால் போதும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் வெந்துவிடும். காகமும் பூனையும் குரங்கும் நடமாடும் முற்றத்தில் கூண்டில்லாமல் ஒரு கணமும் விடலாகாது.

பெண் பிராணியை ஏற்றவர்கள் மற்றொன்றும் அறிய வேண்டும். வாலின் அடிப்புறத்தில் இரு புடைப்புகள் இருந்தால் ஆண், இல்லையேல் பெண். ஆணோடு சேராமலே பெண் முட்டையிடும். வயிறு உப்பி, உணவை வெறுத்து, மூலைகளைத் தோண்டிக்கொண்டே இருந்தால், பிடித்தால் உருண்டையாகி நிற்கும் அளவுக்கு நனைத்த மணலை ஓரடி ஆழமுள்ள தொட்டியில் நிரப்பி, அதில் விட வேண்டும். ஈரத்தை விலக்குக என்ற விதிக்கு இந்த நாட்கள் மட்டுமே விலக்கு. இட்ட முட்டைகளை அப்புறப்படுத்தி, மணல் தொட்டியை வெளியேற்றி, இரண்டு வாரம் பூச்சியும் சுண்ணாம்புச் சத்தும் சற்றுக் கூட்டிக் கொடுங்கள். இரண்டு நாள் தோண்டியும் இடாமல் சோர்ந்து படுத்துவிட்டால், முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் புறப்பட வேண்டும்.